காலி வாளியும் பின்னால் போகாத பேருந்தும்

"எண்ணிப் பாத்தியாடி? பத்து! பத்து ரோஜா!"

மாமியார் பரஸ்கீவா போட்ட கூச்சலில் அடுப்பிலிருந்த மக்காச்சோளக் களியே ஒரு கணம் கொதிப்பதை நிறுத்தியிருக்கும். கால்பந்துக் கழகத்தின் முதலாளி ஸாம்ஃபிர் காலையிலேயே அனுப்பிவைத்த பூங்கொத்து மேசைமேல் கிடந்தது. இரட்டைப்படையில் பூ கொடுப்பது செத்தவர்களுக்கு என்பது சிரேத் ஆற்றங்கரையில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். ஸாம்ஃபிருக்கு மட்டும் சின்ன விஷயங்களைக் கவனிக்க நேரமில்லை. சலாமி தொழிற்சாலை, கழகம், தன் பெயரில் ஒரு நீரூற்று என்று பெரிய விஷயங்களிலேயே அவர் காலம் கழிந்துவிடுகிறது.

மருமகள் ஸ்மராந்தா ஒரு பூவை உருவி ஜன்னலுக்கு வெளியே எறிந்தாள்.

"ஒம் புருஷன் இன்னிக்கு நூறாவது கோல் அடிக்கப் போறான். ஊரே கொண்டாடுது. நீ மட்டும் எழவு வீட்டு மூஞ்சியோட நிக்குற! பதினோரு வருஷமா பாக்குறேன், எம்புள்ள நல்லா இருந்தா ஒனக்கு ஆகாது..."

பதினோரு வருஷம். ஸ்மராந்தாவும் ஒரு காலத்தில் ஹேண்ட்பால் அணியில் கோல் காத்தவள்தான். தலைநகர் அணி கூப்பிட்ட வாரத்தில் கணவன் ரெமுஸுக்கு வேறு ஊர் அணியில் இடம் கிடைத்தது. அவனோடு கிளம்பினாள். ஆறு ஊர், ஆறு வீடு. அதைப் பற்றி ஒருநாளும் அவள் வாய் திறந்ததில்லை.

இப்போதும் திறக்க முடியாத ஒன்று நெஞ்சில் கிடந்தது. இரண்டு வாரம் முன்பு பயிற்சியில் ரெமுஸ் மயங்கி விழுந்தான். யாருக்கும் தெரியாமல் இருவரும் பெரிய ஊர் இதய மருத்துவரிடம் போனார்கள். இதயத் தசை தடித்துவிட்டது, இனி ஓடினால் எந்த நிமிடமும் நின்றுவிடும் என்றார் அவர். திரும்பியதும் ரெமுஸ் அவள் கையைப் பிடித்து, தூங்கிக்கொண்டிருந்த மகள் இலின்காவின் தலையில் வைத்தான். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு. அம்மாகிட்டக்கூட..."

பண்ணித் தொலைத்தாள். கழகத்தின் உடல்தகுதிச் சான்று என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அதில் கையெழுத்துப் போட்டவர் ஸாம்ஃபிரின் மைத்துனர். பல் மருத்துவர்.

ரெமுஸ் மாடியிலிருந்து இறங்கி வந்தான். நான்காவது படியில் நின்று குனிந்தான்.

"என்னடா?" என்றாள் தாய்.

"ஒண்ணுமில்லம்மா, லேஸ் கட்டுறேன்."

அவன் காலில் செருப்பு இருந்தது.

ஸ்மராந்தா ஓடிப்போய்த் தோளைப் பிடித்தாள். "இன்னிக்கு வேணாம் ரெமுஸ்... கெஞ்சிக் கேக்குறேன்..."

"இந்த ஒரு ஆட்டம். இதோட நிறுத்திடுறேன் ஸ்மரா."

"அதுவா நின்னுடுமோன்னுதானே பயப்படுறேன்!" என்று காதுக்குள் சொன்னாள். அவன் கேட்காதவன்போல் காலணியைத் தேடிப் போனான்.

தெருமுனையில் ஹாரன் ஒலித்தது. நாயகனை வீட்டு வாசலிலேயே ஏற்றிக்கொள்ள அணியின் பேருந்து வந்துவிட்டது.

அந்தப் பேருந்துக்கு ஒரு விதி உண்டு. ஆட்டத்துக்குப் போகும்போது ஓர் அடிகூடப் பின்னால் போகக் கூடாது. போனால் தோல்வி நிச்சயம். சென்ற ஆண்டு ஓட்டுநர் ஒருவர் தவறுதலாக ரிவர்ஸ் எடுத்தார், அணி ஐந்து கோல் வாங்கியது. ஸாம்ஃபிர் ஓட்டுநரை வேலையைவிட்டு நீக்கினார். கோல்கீப்பரை நீக்கவில்லை, அவன் ஸாம்ஃபிரின் அண்ணன் மகன்.

"வாளி நெறய தண்ணி வெச்சிருக்கேன். தூக்கிட்டுப் போய் வாசல்ல நில்லு. நெறகுடமா எதிர்ல வந்தாத்தான் ஜெயம்" என்றாள் பரஸ்கீவா.

ஸ்மராந்தா வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். வேலியோரம் தண்ணீர் முழுவதையும் கொட்டினாள். பிறகு நடுத்தெருவில், பேருந்துக்கு நேரெதிரே, வாளியைச் சாய்த்து உள்ளே ஒன்றுமில்லை என்று எல்லோரும் பார்க்கும்படி நின்றாள்.

பேருந்து கிறீச்சிட்டு நின்றது. வீரர்கள் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார்கள். கோல்கீப்பர் மூன்று முறை துப்பினான்.

"காலி வாளி முதலாளி! செத்தாலும் அதத் தாண்டிப் போக மாட்டேன்" என்றான் ஓட்டுநர் கீகா.

"அப்ப பின்னால எடு!" என்று உள்ளிருந்து கத்தினார் ஸாம்ஃபிர்.

"நீங்கதானே முதலாளி எடுக்கக் கூடாதுன்னு..."

ஸாம்ஃபிர் இறங்கினார். கையில் உரை தயாராக இருந்தது. தெருவில் நின்றாலும் அவருக்கு அது மேடைதான். "அம்மணி! இந்த நகரத்தின் இதயம் இன்று ஒரே ஒரு மனிதனின் மார்பில் துடிக்கிறது!"

ஸ்மராந்தா சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு அவரே ஓரடி பின்வாங்கினார்.

பரஸ்கீவா ஓடிவந்து பளாரென்று அறைந்தாள். "பாவி! எம்புள்ள பொழப்புல மண்ணள்ளிப் போட வந்தியாடி!"

"எத்தன வேணா அடிங்க அத்தே. நகர மாட்டேன்."

மறுபடி ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. "நீ இதெல்லாம் நம்ப மாட்டியேடி... பூனை குறுக்க வந்தா அதுக்குப் பால் ஊத்துறவளாச்சே நீ... எதுக்குடி இப்படி?"

"சத்தியம் பண்ணிட்டேன் அத்தே... இலின்கா தலையில..." அதற்குமேல் அழுகைதான் வந்தது.

பரஸ்கீவா திரும்பி மகனைப் பார்த்தாள். வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். உதட்டில் ரத்தமே இல்லை. அருகில் போய் அவன் மார்பில் உள்ளங்கையை வைத்தாள். வெகுநேரம் வைத்திருந்தாள்.

"ஒங்கப்பா மாதிரியாடா?"

அவன் அப்பா முப்பத்தெட்டு வயதில் மரக்கிடங்கில் சாய்ந்தவர். கண்ணேறு என்றது ஊர்.

"ஒரே ஒரு ஆட்டம்மா..."

"அவரும் ஒரே ஒரு லோடுன்னுதான்டா போனாரு!"

திரும்பி வந்து மருமகள் கையிலிருந்து வாளியை வாங்கினாள். தெருவில் கவிழ்த்துப் போட்டு, பேருந்தின் முன்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி, அதன்மேல் உட்கார்ந்தாள்.

"கீகா! இப்ப எடுடா வண்டிய!"

"அம்மா, வரலாறு நம்மை அழைக்கிறது..." என்று ஆரம்பித்தார் ஸாம்ஃபிர்.

"அழச்சா நீ ஓடுய்யா! ஒனக்கென்ன பயம், ஒனக்குத்தான் நெஞ்சே கெடயாதே!"

பேருந்து பின்னால் போனது. ஒவ்வோர் அடிக்கும் ஒரு சிலுவைக்குறியாக ஸாம்ஃபிர் போட்டுக்கொண்டே போனார்.

தெரு வெறிச்சென்று ஆனதும் பரஸ்கீவா மருமகளின் சிவந்த கன்னத்தைத் தொட்டாள். "வலிக்குதாடி?"

"இல்ல அத்தே."

"பொய் சொல்லாத. இனிமே இந்த வீட்ல யாரும் பொய் சொல்லக் கூடாது..." என்றவள் உடைந்துபோய் அவளைக் கட்டிக்கொண்டாள். "ஒத்தையாவே சுமந்தியாடி... என் தாயே..."

மாலை மூவரும் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்கள். ஆற்றுக்கு அக்கரையிலிருந்து மைதானத்தின் ஆரவாரம் எழுந்தது. எந்தப் பக்கம் கோலோ, யார் அடித்ததோ. ரெமுஸின் வலது கால் தானாகத் துள்ளியது. ஸ்மராந்தா அதன்மேல் கையை வைத்தாள். அது அடங்கவே இல்லை. அவளும் கையை எடுக்கவில்லை.