யன்னலால் வராத திமிங்கிலம்

தயாளினிக்குப் பத்து வயது. பட்டப்பகலில் கனவு காண்கிற பிள்ளை. கணக்குப் பாட நேரத்தில் கண் கரும்பலகையில் இருக்கும், மனம் நடுக்கடலில் நீந்திக்கொண்டிருக்கும்.

"தயாளினி, எங்கை நிக்கிறாய்?" என்று ரீச்சர் கேட்பார்.

"இஞ்சைதான் ரீச்சர்" என்பாள். அதில் பாதி பொய்.

கொஞ்ச நாளாக அவளுடைய கனவில் ஒரு திமிங்கிலம் வந்துபோனது. அதற்குக் காரணம் அவளுடைய அப்பாதான். கடலுக்குப் போன இடத்தில் ஒருமுறை திமிங்கிலம் ஒன்றைக் கண்டாராம்.

"முழுசாய் எப்பிடி இருந்தது அப்பா?"

"முதுகு மட்டும்தான் கண்டனான் பிள்ளை. மிச்சம் தண்ணிக்குள்ளை."

அந்த மிச்சம்தான் தயாளினியைப் பாடாய்ப் படுத்தியது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அண்ணாந்து பார்ப்பாள். பனைகளுக்கு மேலால் ஒரு திமிங்கிலம் மெல்ல மெல்ல நீந்திப் போகும். அது வாலை ஒரு தரம் அசைத்தால் ஊரிலுள்ள ஓலையெல்லாம் சலசலக்கும். ஆனால் அதன் கண் எங்கே இருக்கிறது? வயிறு என்ன நிறம்? அது மட்டும் கனவிலும் தெளிவாகத் தெரியவில்லை.

பதில் ஊர் வாசிகசாலையில் இருந்தது. கனடாவில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவர் கடலைப் பற்றிய பெரிய படப் புத்தகம் ஒன்றை அனுப்பியிருந்தார்.

"நடுவிலை ஒரு தாள் மடிச்சுக் கிடக்காம். விரிச்சால் முழுத் திமிங்கிலம் வருமாம். கடிதத்திலை எழுதியிருந்தவர்" என்று நிருஷன் சொன்னான். அவன் தயாளினியின் வகுப்புத்தான். அவனுடைய அப்பா அருளம்பலம்தான் வாசிகசாலையின் செயலாளர்.

அன்று பின்னேரமே தயாளினி வாசிகசாலைக்கு ஓடினாள். வாசலுக்கு அல்ல, யன்னலுக்கு.

தயாளினியின் வீடு கடற்கரைக்குப் போகும் ஒடுங்கிய ஒழுங்கையில் இருந்தது. அந்த ஒழுங்கைக்காரர் வாசிகசாலைக்கு உள்ளே போவதில்லை. பேப்பர் வேண்டுமென்றால் யன்னலடியில் நின்று கேட்பார்கள். செயலாளர் கம்பிகளுக்கு இடையால் நீட்டுவார். வெயிலில் நின்று வாசித்துவிட்டு அதே கம்பிக்குள்ளால் திருப்பிக் கொடுப்பார்கள். மேல் தெருக்காரர் உள்ளே கதிரையில் இருந்து, காற்றாடியின் கீழ் வாசிப்பார்கள். இப்படி ஒரு சட்டம் எந்தக் கொப்பியிலும் இல்லை. இவர்கள் உயர்வு, அவர்கள் தாழ்வு என்று யாரோ எப்போதோ பிரித்து வைத்தது. கேட்க ஆளில்லாததால் அப்படியே கிடந்தது.

"ஐயா, அந்தக் கடல் புத்தகத்தை ஒருக்காப் பாக்கலாமோ?"

"அது பெரிசு பிள்ளை. கம்பிக்குள்ளாலை வராது."

"அப்ப நான் உள்ளை வந்து பாக்கட்டோ?"

அருளம்பலம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே திரும்பவும் துடைத்தார்.

"உங்கடை பக்கத்து ஆக்களுக்கு யன்னல்தானே வழமை. இந்தா, பேப்பர் வாசி."

அதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. அன்பாகத்தான் சொன்னார். அதுதான் தயாளினிக்கு இன்னும் வலித்தது. பேப்பரை வாங்கினாள், ஆனால் ஓர் எழுத்தும் தெரியவில்லை. கண் முழுக்கத் தண்ணீர்.

ஒழுங்கைப் பிள்ளைகளுக்கு விசயம் தெரிந்ததும் யதுசன் குனிந்து ஒரு கல்லை எடுத்தான். அவனுக்குக் கோபம் வந்தால் முதலில் கைதான் யோசிக்கும்.

"ஒரு கல்லுக் காணும். வாசிகசாலை அலுமாரிக் கண்ணாடி சுக்குநூறு!"

"வேண்டாம். கண்ணாடி உடைஞ்சால் எல்லாரும் கண்ணாடியைப் பற்றித்தான் கதைப்பினம். எங்களைப் பற்றி ஒருத்தரும் கதைக்க மாட்டினம்" என்றாள் தயாளினி.

"அப்ப என்னதான் செய்யிறது?"

தயாளினி வானத்தைப் பார்த்தாள். அவள் அப்படிப் பார்த்தால் கொஞ்சம் பொறுக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். பொறுத்தார்கள்.

"பேப்பர் கேப்பம்" என்றாள் கடைசியில்.

"அது எப்பவும் கேக்கிறதுதானே!"

"எல்லாரும் ஒரே நாளிலை கேட்டதில்லையே. ஒவ்வொரு நாளும் வரிசையிலை நிண்டு கேப்பம். கத்தக்கூடாது. இடிபடக்கூடாது. ஆர் ஏசினாலும் திருப்பி ஏசக்கூடாது. உள்ளை வரச் சொல்லும்வரைக்கும் நிக்கவேணும்."

யதுசன் கல்லைக் கீழே போட்டான். "திருப்பி ஏசாமல் இருக்கிறதுதான் கஷ்டம்" என்று முணுமுணுத்தான்.

தயாளினியின் அம்மா நாகேஸ்வரி இதைக் கேட்டதும் பயந்துவிட்டார்.

"ஏன் பிள்ளை வம்பு? நானும் அந்த யன்னலாலைதான் பேப்பர் வாங்கி வாசிச்சனான்."

"உங்களுக்கு உள்ளை போக விருப்பம் வரேல்லையோ அம்மா?"

அம்மா அடுப்படிக்குப் போய்விட்டார். ஆனால் அடுத்த நாள் தயாளினி பள்ளிக்கூடத்தால் வந்தபோது, அவளுடைய நீலச் சட்டை அயன் பண்ணிக் கட்டிலில் இருந்தது.

நாலு மணிக்குப் பதினான்கு பிள்ளைகள் யன்னலடியில் வரிசையாக நின்றார்கள்.

"ஐயா, பேப்பர் தாங்கோ."

அருளம்பலம் எழுந்து வந்து கொடுத்தார். போய் இருந்தார்.

"ஐயா, பேப்பர் தாங்கோ."

திரும்பவும் எழுந்தார். மூன்றாம் பிள்ளையோடு அன்றைய பேப்பர் எல்லாம் முடிந்துபோயிற்று. பிறகு போன கிழமைப் பேப்பர், போன வருசப் பேப்பர், பழைய பஞ்சாங்கம் என்று ஒவ்வொன்றாக வெளியே போயின. கேட்டவருக்கு யன்னலால் கொடுப்பது வழமை அல்லவா? யதுசனுக்குக் கிடைத்தது டெங்கு நுளம்பு பற்றிய துண்டுப்பிரசுரம். அதை அவன் நான்கு தரம் வாசித்தான்.

உள்ளே கதிரைகள் இருந்தன, காற்றாடி சுற்றியது. வாசிக்கத்தான் ஒன்றும் இல்லை.

"அருளம்பலம், இண்டையான் பேப்பர் எங்கை?" என்று கேட்டார் தம்பிஐயா. முன்பு தபாலதிபராக இருந்தவர். மரண அறிவித்தல் பார்க்காவிட்டால் அவருக்குத் தேத்தண்ணி இறங்காது.

"வெளியிலை நிக்குது" என்றார் அருளம்பலம்.

தம்பிஐயா முறைத்தார், முனகினார், கடைசியில் வெளியே வந்தார். தயாளினி மரண அறிவித்தல் பக்கத்தை அவருடைய கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். வெயிலில் நின்று வாசித்துவிட்டு, கழுத்தைத் துடைத்தபடி, "என்ன வெக்கையப்பா இது!" என்றார்.

"ஓம் ஐயா, எப்பவும் இப்பிடித்தான்" என்றாள் தயாளினி.

ஆறு மணிக்குப் பேப்பர் எல்லாம் வாங்கியபோது இருந்ததை விட ஒழுங்காக மடிபட்டுத் திரும்பி வந்தன. அடுத்த நாளும் பதினான்கு பேர். அதற்கு அடுத்த நாளும் பதினான்கு பேர். தெருவால் போன ஒருவர் சைக்கிளை நிறுத்தி, "உங்களுக்கு வேறை வேலை இல்லையோ!" என்று ஏசினார். யதுசனின் முகம் தக்காளிப் பழமாகச் சிவந்தது. ஆனாலும் வாய் திறக்கவில்லை. அவனைப் பார்க்கத் தயாளினிக்குப் பெருமையாக இருந்தது.

நாலாம் நாள் மழை வந்தது. சோவென்று அல்ல. பஞ்சு பறக்கிற மாதிரி மெல்லிய மழை. பனைகளும் மதிலும் தெருவும் சாம்பல் நிறமாக மங்கின. ஊரே தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோலத் தயாளினிக்குத் தோன்றியது.

"மழைக்குள்ளை பேப்பர் தர ஏலாது. நனைஞ்சு போகும். வீட்டை போங்கோ" என்றார் அருளம்பலம்.

"சரி ஐயா" என்றாள் தயாளினி. வீட்டுக்குப் போகவில்லை. வரிசையின் கடைசியில் போய் நின்றாள். அடுத்த பிள்ளை யன்னலடிக்கு வந்தது.

"ஐயா, பேப்பர் தாங்கோ."

"நனையும்."

"சரி ஐயா."

ஒவ்வொருவராக வந்தார்கள், கேட்டார்கள், கடைசிக்குப் போனார்கள். தயாளினிக்குக் குளிரில் பல் கிட்டியது. ஒரு நிமிடம், போய்விடலாமா என்றுகூட நினைத்தாள். சின்னப் பிள்ளைகள் எல்லாம் அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் அசையவில்லை. அவர்களும் அசையவில்லை.

அருளம்பலம் இப்போது நிமிர்ந்து பார்ப்பதையே விட்டுவிட்டார்.

"பேப்பர் தாங்கோ."

"நனையும் எண்டு எத்தினை தரம் சொல்லுறது?"

"தாங்கோ அப்பா."

அருளம்பலம் திடுக்கிட்டு நிமிர்ந்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் நிருஷன் நின்றான். தலைமயிரால் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"நீ ஏன்ரா வெளியிலை நிக்கிறாய்? காய்ச்சல் வரப்போகுது! உள்ளை வா!"

"இவையும் வந்தால் வாறன்."

"உனக்கு உள்ளை கதிரை கிடக்கெல்லோ?"

"ஓம். தயாளினிக்கும் கிடக்கு. எண்ணிப் பாத்தனான் அப்பா. எல்லாருக்கும் காணும்."

அருளம்பலம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தன் மகனை அந்த யன்னலால் அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. அவனுக்குப் பின்னால் நின்றவர்களையும் இன்றுதான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எல்லோருக்கும் ஒரே மழை, ஒரே நடுக்கம்.

உள்ளேயிருந்து தம்பிஐயா சத்தம் போட்டார்: "அருளம்பலம், பிள்ளையளை உள்ளை கூப்பிடு! இல்லாட்டி நானும் வெளியிலை போறன்!"

அருளம்பலம் யன்னலை விட்டு விலகினார். போய்விட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் அவர் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு துவாய்.

"தலையைத் துடைச்சிட்டு வாங்கோ" என்றார். "எல்லாரும்தான். நாளைக்கும் வாங்கோ. இந்த வாசலாலை."

தயாளினி வாசற்படியில் கால் வைத்தாள். சாதாரண சீமெந்துப் படி. ஆனாலும் இரண்டு காலையும் அதில் ஒருதரம் ஊன்றி நின்றுவிட்டுத்தான் உள்ளே போனாள்.

அருளம்பலம் அலுமாரியைத் திறந்து புத்தகத்தை எடுத்தார். அது வந்த பொலித்தீன் உறை அப்படியே இருந்தது.

"நீங்களும் இன்னும் பாக்கேல்லையோ ஐயா?" என்று யதுசன் வாய் பிளந்தான்.

"வெளிநாட்டுச் சாமானெல்லோ. பழுதாப்போயிடும் எண்டு கவனமா வைச்சிருந்தனான்" என்றார் அவர் கூச்சத்துடன்.

உறை கிழிந்தது. பிள்ளைகள் கதிரைகளை மேசையடிக்கு இழுத்து இருந்து, நடுத்தாளை மடிப்பு மடிப்பாக விரித்தார்கள். இரண்டு மேசைக்கு நீண்டது திமிங்கிலம். நீலமும் சாம்பலுமாக, ஒரு மலை நித்திரை கொள்வதுபோல. அறை முழுவதும் கடல் நிறம் படர்ந்ததுபோல இருந்தது.

"கண் எவ்வளவு சின்னன்!" என்றாள் தயாளினி, மிக மெதுவாக.

பதினைந்து தலைகள் படத்தை மறைத்தன. அருளம்பலம் பின்னால் நின்று எட்டி எட்டிப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை.

"பிள்ளையள்," என்றார் தயங்கியபடி, "வயிறு என்ன நிறம்?"

தயாளினி தன் கதிரையில் ஓரமாக நகர்ந்து, அவருக்கு இடம் விட்டாள்.