இரண்டரை மணி நேரம் பின்னால்

“வெயில் பட்டாப் போதும். பேட்டரியே மாத்த வேண்டாம்.”

“இத்தனை பட்டன் எதுக்குங்க?”

“பிளேன் ஓட்டறவங்க கட்டற வாட்ச். உனக்குப் புரியாது. போய் டீ போட்டுட்டு வா, பார்க்கலாம்.”

அவள் திரும்பியதும் ‘டிக்’கென்று ஒரு சத்தம். டீயோடு வந்தபோது இன்னொரு ‘டிக்’.

“நாலு நிமிஷம் முப்பத்திரண்டு செகண்ட். நேத்தைவிட லேட்.”

கல்யாணமான முதல் வாரம் நடந்த பேச்சு அது.

பதினோரு வருஷம் கழித்து...

அதே வாட்ச், பிணவறையில் ஒரு பிணத்தின் மணிக்கட்டில் ஓடிக்கொண்டிருந்தது!

முகம் பாறையில் மோதிச் சிதைந்திருந்தது. காலையில் பாலத்துக்கு அடியிலிருந்து எடுத்தார்களாம். மருந்து நெடியையும் மீறி வந்த வாடைக்கு அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“அண்ணன்தான் மேடம். குளிக்கும்போதுகூட இந்த வாட்சைக் கழட்ட மாட்டான்” என்று பெண் இன்ஸ்பெக்டரிடம் சொன்னான் கணவனின் தம்பி. கர்ச்சீப்பால் கண்ணைத் துடைத்தான். கர்ச்சீப் நனையவில்லை.

கணவன் இயந்திரப் பாகங்கள் விற்பவன். மாதம் ஒரு தடவை வெளிநாடு. விமானத்தில் ஜன்னல் சீட்டைத் தாண்டியதில்லை. ஆனாலும் பைலட் வாட்ச். அவன் விற்ற மட்டமான பாகம் வெடித்து மூன்று தொழிலாளிகள் செத்தார்கள். அடுத்த வாரம் விசாரணை. அந்தப் பயத்தில் குதித்துவிட்டான் என்று தம்பி சொல்லி முடித்தான்.

“அண்ணி, கையெழுத்துப் போடுங்க. இன்னைக்கே எரிச்சுடலாம்.”

இன்ஸ்பெக்டர் காகிதத்தை நீட்டினார். பேனாவை வாங்கியவள் வாட்சைப் பார்த்தாள்.

பெரிய முள் இரண்டும் பத்து மணி காட்டின. டயலுக்குள் இருந்த குட்டி வட்டமோ... ஏழரை!

அவள் பேனாவைக் காகிதத்திலிருந்து எடுத்தாள்.

அந்தக் குட்டி வட்டம், அவன் போகிற ஊரின் நேரத்துக்கு. பயணத்துக்கு இரண்டு நாள் முன்பே அவன் அதைத் திருப்பிவிடுவான். உடம்பு பழக வேண்டுமாம். அந்த இரண்டு நாளும் சாப்பாடு, தூக்கம் எல்லாம் அந்த ஊர்க் கணக்கில்தான். ஊர் திரும்பியதும் இரண்டையும் ஒன்றாக்குவான்.

சாகப் போகிறவன் எதற்காக இரண்டரை மணி நேரம் பின்னால் திருப்பினான்?

பிணத்தின் காலடிக்குப் போனாள். துணியை விலக்கினாள்.

குதிகால் முழுக்க வெடிப்பு. பெடல் அழுத்தி அழுத்திக் காய்த்துப்போன பாதம். செருப்பைக் கழற்றிவிட்டே கார் ஓட்டும் அவர்கள் வீட்டு டிரைவரின் கால்!

டிரைவரின் மனைவி காலையில்தான் போன் செய்திருந்தாள். அவர் நேற்று வீட்டுக்கே வரவில்லை, உங்களுக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்டிருந்தாள்.

பேனா இன்னும் அவள் விரலிடுக்கில் இருந்தது.

ஒரு கையெழுத்து... அவ்வளவுதான். அவன் எங்கேயோ தொலைவான். இவளுக்கு விடுதலை. டீ ஆறினாலும் கேட்க ஆள் இல்லை.

ஆனால் அந்தப் பெண்? புருஷன் வருவான் வருவான் என்று காலமெல்லாம் வாசலைப் பார்த்துக்கொண்டு...

தன் மேலேயே அவளுக்கு அருவருப்பு வந்தது. பேனாவை மூடினாள்.

“இது என் புருஷன் இல்லை, மேடம். எங்க டிரைவர்.”

தம்பி கதவைப் பார்த்தான். கதவருகே கான்ஸ்டபிள் நின்றிருந்தார்.

இன்ஸ்பெக்டரின் இரண்டாவது கேள்விக்கே அவன் கக்கிவிட்டான். அண்ணன் தன் கையால் டிரைவருக்கு வாட்சைக் கட்டிவிட்டு, இனி இது உனக்குத்தான் என்றானாம். டிரைவர் கும்பிட்டு வாங்கிக்கொண்டானாம். பாலத்தில் காரை நிறுத்தச் சொன்னது அதற்குப் பிறகு. நேரத்தைத் திருப்பியது பழக்க தோஷம், அண்ணன் மாற்ற மறந்துவிட்டான். இப்போது தம்பியின் பாஸ்போர்ட்டோடு விமான நிலையத்தில் இருக்கிறான்.

இரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கும் ஊருக்கு அன்று ஒரே விமானம். மதியம் அதன் வரிசையிலிருந்து அவனை இழுத்து வந்தார்கள். மீசை இல்லை. தம்பியின் சட்டை.

ஸ்டேஷன் பெஞ்சில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். மனைவியைப் பார்த்ததும் பல்லைக் கடித்தான்.

“ஒரு டிரைவருக்காகக் கட்டின புருஷனையே காட்டிக்குடுத்திருக்கே. வாயை மூடிட்டுக் கையெழுத்துப் போட்டிருந்தா நீயும் நிம்மதியா இருந்திருப்பே இல்ல?”

அழுகிய பழத்தை மிதித்தவள்போல் ஓரடி பின்வாங்கினாள். பிணவறையே தேவலை என்றிருந்தது.

“சரி, விடு. நல்ல வக்கீலாப் பாரு” என்றான்.

“பார்த்துட்டேன். எனக்கு.”

“உனக்கு எதுக்குடி?”

பதினோரு வருஷமாகத் தொண்டையிலேயே நின்றிருந்தது, சத்தமாகவே வெளியே வந்தது.

“எனக்கு விவாகரத்து வேணும்.”

எழுதிக்கொண்டிருந்த கான்ஸ்டபிள் நிமிர்ந்தார். கணவன் கால்மேல் போட்டிருந்த காலை இறக்கினான்.

“என்னங்க முழிக்கறீங்க? என்னை விட்டுப் போறதுக்குச் செத்துப்போகவே தயாரா இருந்தீங்க. ஒரு கையெழுத்துக்கா யோசிக்கறீங்க?”