பதினோராவது கட்டம்

ஞாயிற்றுக்கிழமை காலை மகளுக்குத் தலை வாரும்போது சீப்பில் மணல் வந்தது. பூங்காவில் விளையாடியதில் ஒட்டியிருக்கும் என்று சொல்லிக்கொள்ளலாம்தான். ஆனால் பூங்கா மணல் செம்மண் நிறம். இதுவோ வெள்ளை வெளேரென்று, ஈரமாக, பொடிப்பொடியான சிப்பித் துணுக்குகளோடு அம்மாவின் உள்ளங்கையில் உதிர்ந்தது. அந்த வீட்டிலிருந்து கடலுக்கு ஒரு முழு நாள் ரயில் பயணம். ஏழு வயதுச் சிட்டு இன்னும் கடலைக் கண்ணால் பார்த்ததில்லை.

அதற்காகத்தானே இந்த ஏற்பாடே! அடுத்த மாதம் பத்து நாள், தென்னையும் நீலத் தண்ணீருமாக ஒரு தீவில் தனி வீடு. வீட்டைத் தேடிப் பிடித்தது டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுக்கும் கணவர். பதிவுப் படிவத்தை நிரப்பியது அவள். படிவம் என்று வந்துவிட்டால் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில் பன்னிரண்டு வருஷமாக அதுதான் பிழைப்பு. மூக்குக் கண்ணாடியைத் தேடிப் பையைத் துழாவும் பெரியவர்களிடம், "அதெல்லாம் படிச்சிட்டு உக்காந்தா பொழுது போயிடுங்க, இங்க ஒரு டிக், இங்க ஒரு கையெழுத்து" என்று சொல்லிச் சொல்லியே எவ்வளவு நீள வரிசையையும் கரைத்துவிடுவாள். தீவு வீட்டுப் படிவத்தையும் பத்து நாளுக்கு முன்னால் டீ ஆறுவதற்குள் நிரப்பி அனுப்பிவிட்டாள்.

"என்னங்க, இதைப் பாருங்களேன்," என்று சீப்பை நீட்டினாள்.

கூடத்தில் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்த கணவர் எட்டிப் பார்த்தார். "நாம போறதுக்குள்ள மணல் வந்துடுச்சா? பரவால்லயே, நல்ல கவனிப்பு!"

அவளும் சிரித்துவைத்தாள்.

மதியம், தீவு வீட்டுக்காரம்மாவிடமிருந்து போனில் ஒரு படம் வந்தது. குழந்தையின் அறை. நீல ஜன்னல், கொசுவலை, சின்னக் கட்டில். விரிப்பு கசங்கியிருந்தது. தலையணையில் ஒரு சிறிய பள்ளம்.

தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த சிட்டு, "அந்த ஜன்னலைச் சாத்தவே முடியாதும்மா," என்றாள்.

"உனக்கெப்படிடி தெரியும்?"

"நான்தானே அங்க படுத்துக்கறேன்."

"எந்நேரமும் தீவு தீவுன்னா புள்ளைக்குக் கனவுல வராம என்ன பண்ணும்?" என்றார் அப்பாக்காரர். குளிர்காலம், சொன்னவர் இரண்டு ஸ்வெட்டர் போட்டிருந்தார்.

குளிப்பாட்டச் சட்டையைக் கழற்றியவள் அப்படியே நின்றுவிட்டாள். சிட்டுவின் தோள்கள் வெயிலில் கன்றிச் சிவந்து, கழுத்தோரம் தோல் உரிந்திருந்தது. இரண்டு தோளிலும் நீச்சலுடைப் பட்டை மறைத்த இடம் மட்டும் வெளுப்பாக, கோடு போட்டாற்போல் இருந்தது. ஓடிப்போய்ப் பெட்டியைக் கிளறினாள். புதிய நீச்சலுடை கடைச் சீட்டுகூடப் பிய்க்காமல் அடியில் மடங்கிக் கிடந்தது. குளியலறைக்குள், திறக்காத குழாய்க்கும் காய்ந்த தரைக்கும் நடுவே, பாசியும் உப்பும் அழுகிய சிப்பியும் கலந்த நெடி வந்துகொண்டே இருந்தது.

சிட்டுவை அப்பாவிடம் அனுப்பிவிட்டு, படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தான் அனுப்பிய படிவத்தைத் திறந்தாள். இந்தமுறை படித்தாள். ஒவ்வொரு வரியாக. தொலைந்த பொருளுக்குப் பொறுப்பில்லை. செல்லப் பிராணிக்கு அனுமதியில்லை. பதினோராவது கட்டம்:

குழந்தையை மட்டும் முன்னதாக வரவழைத்துக்கொள்ளச் சம்மதிக்கிறேன்.

டிக். அவள் போட்டதுதான். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். அவள் பெற்ற பிள்ளையை அல்லவா விட்டுவிட்டாள்!

தீவுக்குப் போன் போட்டாள். இரண்டு தடவை எண் தவறியது.

"ரத்து பண்ணணுமா? தாராளமா பண்ணுங்க," என்றாள் வீட்டுக்காரம்மா, தேனொழுக. "பெரியவங்க ரெண்டு பேரும் வரலைன்னா பரவால்ல. குழந்தைதான் வந்து பத்து நாளாச்சே."

"என் பொண்ணு இங்க இருக்காங்க! கூடத்துல, அவங்கப்பாகூட!"

"குழந்தை இங்க வந்துட்டா, அங்க அது இடம் காலியா இருக்கக் கூடாதில்லீங்களா," என்றது குரல்.

அவள் கதவைத் திறந்து கூடத்தை எட்டிப் பார்த்தாள்.

"குழந்தைகிட்ட பேசறீங்களா? பாவம், அழுதுட்டே இருக்கு. எனக்கு நேரமாச்சுங்க, அலை ஏறுது, நான் மேட்டுக்குப் போகணும்."

செருப்புச் சத்தம் தூரமாகப் போனது. பிறகு மூச்சு. விசும்பல். எந்தக் கூட்டத்திலும் அவள் அடையாளம் கண்டுவிடும் விசும்பல்.

"அம்மா... கதவைப் பூட்டிட்டாங்கம்மா. ஜன்னல் வழியா தண்ணி வருது."

"கட்டில் மேல ஏறிக்கோ கண்ணு! ஏறு! அம்மா வந்துட்டேன், இதோ..." எங்கிருந்து வருவது? ஒரு முழு நாள் ரயில். அதற்குப் பிறகு கப்பல்.

"ஏறித்தான் நிக்கறேன்."

கூடத்துக்கு ஓடினாள். "என்னங்க! யாரையாவது கூப்பிடுங்க! சிட்டு... சிட்டு அங்க..."

கணவர் மடியில் சிட்டு உட்கார்ந்திருந்தாள். அவர் அண்ணாந்து பார்த்தார், ஒன்றும் புரியாமல். "இங்கதானே இருக்கா?"

"அம்மா, இடுப்பு வரைக்கும் வந்துடுச்சு," என்றது காதோரம் போன்.

மடியில் இருந்தது அவளையே பார்த்தது. கண் இமைக்கவில்லை.

"அம்மா, கழுத்து."

"என் ராசாத்தி... வலையைப் பிடிச்சுக்கோடி..."

"அம்..."

போனில் தண்ணீர். தண்ணீர் மட்டும்.

மடியில் இருந்தது இருமியது. ஒருமுறை. மறுமுறை. வாய் பிளந்து, குபுக்கென்று ஒரு வாய் தெளிந்த நீர் அப்பாவின் ஸ்வெட்டரில் கொட்டியது.

"அடடே, புரை ஏறிடுச்சா? ஒண்ணுமில்லடா செல்லம், ஒண்ணுமில்ல," என்று அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

அது புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டது. அவளைப் பார்த்துச் சிரித்தது. சிட்டுவின் சிரிப்பேதான், ஒரு மாற்றுக் குறையவில்லை. இரண்டு கையையும் அவள் பக்கம் நீட்டியது.

"தூக்கும்மா," என்றது.