உறுதியான கையெழுத்து

"எனக்க அப்பாவ அண்ணன் கொன்னுட்டான். நீங்க அத நிரூபிச்சுத் தரணும்."

வடசேரியில் துப்பறிவாளர் தேவகுமாரின் அறைக்கு வந்த கிரேசி உட்காரக்கூட இல்லை. அவள் அப்பா ஞானசிங்கைப் புதைத்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. நரம்பு நோயில் இரண்டு வருடம் படுக்கையில் கிடந்தவர், வலிமருந்து அளவு மீறியதால் இறந்திருந்தார். போலீசார் தற்கொலை என்று எழுதி முடித்துவிட்டார்கள். சபையார் யார் முகத்தையும் பார்க்காமல் ஜெபித்துவிட்டுப் போனார்கள். அண்ணன் எபின் மட்டும், "அப்பாவுக்கு விடுதலை கிடச்சிட்டு" என்று சொன்னான். அந்தச் சொல்தான் அவளைக் கொதிக்க வைத்தது.

அப்பா விட்டுச்சென்றதாக அவள் நீட்டிய கடிதத்தைத் தேவகுமார் வெளிச்சத்தில் பிடித்தார். 'இது என் சொந்த முடிவு. யாரும் எனக்கு உதவவில்லை.' நேரான, உறுதியான எழுத்து. நான்காக மடித்த தாள். விளிம்பில் மெல்லிய சிவப்புக் கறை.

"அப்பா எழுத்துதானா?"

"அவருக்கதுதான்."

"கடைசியாக எப்போது பேனா பிடித்தார்?"

கிரேசி யோசித்தாள். "ஏழெட்டு மாசம் இருக்கும். ஆசுபத்திரித் தாளுல கூட கைநாட்டுதான் வச்சாரு."

உதவியாளர் ஆதிரா துள்ளி எழுந்தாள். "அப்போ இது பழைய கடிதம் சார்! யாரோ பத்திரமா வச்சிருந்து எடுத்திருக்காங்க!"

"மருந்துக் குப்பி எங்கே இருந்தது?" தேவகுமார் கிரேசியைக் கேட்டார்.

"அலமாரியில. மூடி இறுக்கமாத் திருகியிருந்துது."

மறுநாள் காலை ஞானசிங்கின் நெய்யூர் வீட்டில் கிரேசி, எபின், அவர்கள் அம்மா பூங்கனி எல்லோரும் கூடினார்கள்.

"நான் கொல்லல்ல," என்றான் எபின். "ஆனா அப்பா கேட்டிருந்தா, முடியாதுண்ணு சொல்லியிருக்க மாட்டேன்."

"கேட்டியளா சார்?" கிரேசி பாய்ந்தாள்.

தேவகுமார் நிதானமாகப் பேசினார். "பேனா பிடிக்க முடியாத கை மூடியைத் திறக்காது. குடித்த பிறகு மூடி, அலமாரியில் வைக்கவும் செய்யாது. தனியாகச் சாகிறவர் 'யாரும் உதவவில்லை' என்று எழுதவேண்டியதும் இல்லை. உதவப்போகிற ஒருவரைக் காப்பாற்றத்தான் முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறார்."

அவர் மேசையிலிருந்த அம்மாவின் வேதாகமத்தை விரித்துக் கடிதத்தை உள்ளே வைத்தார். அளவாகப் பொருந்தியது. வேதாகமத் தாள்களின் சிவப்பு விளிம்பில் ஈரக்கை பட்டுப் பட்டுச் சாயம் இறங்கியிருந்தது; கடிதத்தின் விளிம்பில் இருந்ததும் அதே சிவப்புதான்.

அம்மா பூங்கனி தலை குனியவில்லை.

"நாந்தான் குடுத்தேன்." அவள் கிரேசியைப் பார்த்தாள். "சாக ஒதவச் சொல்லி உங்கிட்டதான் மொதல்ல கேட்டாரு மக்கா. நீ கத்திட்டு பஸ் ஏறிப் போன. நான் எங்க போவேன்? ஆறு மாசம் மாட்டேன்னு சொன்னேன். அதுக்கு மேல அந்தக் கண்ணப் பாக்க எனக்குப் பெலன் இல்ல."

கிரேசி சுவரை ஓங்கி அடித்தாள். "அவருக்க வலி போச்சு. இனி எத்தன காலம் நீங்க இதச் சொமக்கணும்? வலியக் கொறைக்க வேற டாக்டர், வேற வழி இருந்திருக்கும். யாராவது தேடுனோமா? நான் தேடுனேனா?"

ஆதிரா கடிதத்தை எடுத்து, பழைய மடிப்பிலேயே மடித்தாள்.

"சட்டப்படி இது குற்றம்தான், அம்மா," என்றார் தேவகுமார். "நான் மறைக்க மாட்டேன். நீங்களே போய்ச் சொல்வது நல்லது."

பூங்கனி சேலையை மாற்றிக்கொண்டு வந்தாள். எபின் ஆட்டோவை அழைத்து வந்தான்.

"நான் உங்கள மன்னிக்கல்லம்மா," என்றாள் கிரேசி.

"நான் கேக்கல்ல மக்கா."

"அவரையும் மன்னிக்கல்ல."

சொல்லிவிட்டு அவளே முதலில் ஏறினாள். உள்ளே நகர்ந்து உட்கார்ந்து, அம்மாவின் பக்கம் கையை நீட்டினாள்.

"வாங்க. படி உயரம்."