பதினேழாம் எண் பாப்பா

கொலாப்பின் அம்மா தொல்லியல் குழியில் மண் சுமப்பவள். பள்ளிக்கூடம் விடுமுறை என்பதால் பத்து வயதுக் கொலாப்பும் கூடவே வந்து பானை ஓடுகளைக் கழுவினாள்.

அன்று குழியில் கிடைத்தவை ஒரு சின்னக் குழந்தையின் எலும்புகள். பக்கத்தில் ஒரு வெண்கல வளையல். அதில் கொலாப்பின் இரண்டு விரல்கள்தான் நுழையும்.

“அங்கோர் கோயில் கட்டுறதுக்கு முன்னாடியே செத்துப்போன குழந்தை,” என்றார் ஆய்வாளர் வுத்தி. “ஆணா பொண்ணான்னு சொல்ல முடியாது.”

அம்மா எட்டிப் பார்த்தாள். கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

போன மழைக்காலத்தில் கொலாப்பின் தம்பி ரித்தி சியம் ரியப் நகரத்து ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். இறந்தவரை வீட்டுக்குக் கொண்டுபோகும்போது, ‘வா, போகலாம்’ என்று பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். இல்லாவிட்டால் உயிர் அங்கேயே நின்றுவிடும் என்பது ஊர் நம்பிக்கை. அழுத அழுகையில் அம்மா கூப்பிட மறந்துவிட்டாள். அன்றிலிருந்து அவளுக்குச் சோறே இறங்கவில்லை.

மாலையில் எலும்புப் பெட்டியை வண்டியில் ஏற்றினார்கள். கொலாப் ஓடிப்போய் வண்டியை மறித்தாள்.

“மாமா, பாப்பாவைக் கூப்பிடவே இல்லையே?”

“பேரு தெரியாதேம்மா. பெட்டி மேல பதினேழுன்னு எழுதியிருக்கேன்.”

“பதினேழுன்னு கூப்பிட்டா நீங்க வருவீங்களா?”

வுத்தி தலையைச் சொறிந்துகொண்டே எஞ்சினை நிறுத்தினார்.

கொலாப் தூக்கில் மிச்சமிருந்த சோற்றை உருட்டிக் குழியின் ஓரத்தில் வைத்தாள்.

“பாப்பா, கண்ணு, சாப்பிட்டுட்டு எழுந்து வா. வண்டியில ஊருக்குப் போகணும். இங்க தனியா இருக்காத. மாமா கொஞ்சம் வேகமா ஓட்டுவாரு, கெட்டியாப் பிடிச்சுக்கோ.”

திரும்பினாள். பின்னால் அம்மா கைகூப்பி நின்றிருந்தாள்.

“எத்தனையோ காலம் ஆச்சேடி. இப்பக் கூப்பிட்டா வருமா?”

“சின்னக் குழந்தைதானேம்மா. எப்பக் கூப்பிட்டாலும் வந்துரும்.”

அம்மா மண்ணிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். கொலாப் கண்ணைத் துடைத்துக்கொண்டு வுத்தியிடம் போனாள்.

“மாமா, சியம் ரியப் வழியாத்தானே போறீங்க? எங்க ரெண்டு பேரையும் ஆஸ்பத்திரி வாசல்ல இறக்கிவிடுங்க.”

“திரும்பி எப்படி வருவீங்க?”

“பஸ் இருக்கு மாமா,” என்றாள் கொலாப். “மூணு பேருமா வந்துருவோம்.”