தொனாத்துஸின் உடம்பு, ரொகாத்துஸின் தலை

சிலையின் கழுத்துக் குழி மறுபடியும் ஈரமாகியிருந்தது. ரொகாத்துஸ் விரலை விட்டுப் பார்த்தான். வெதுவெதுப்பாக இருந்தது.

"காலையிலேருந்து தொடச்சுக்கிட்டேதான் இருக்கேன் எசமான்," என்றான் சிற்பி நம்பாமோ. "தலைய வெச்சா நிக்க மாட்டேங்குது. பழைய ஆளு எடத்த விட மாட்டாரு போல!"

"வாய மூடிட்டு வேலையப் பாரு."

பழைய ஆள் தொனாத்துஸ். போன வருடம்வரை நகரசபைத் தலைவன். அவனுக்கென்று செதுக்கிய பளிங்கு உடம்பை வீணாக்குவானேன், தலையை மட்டும் மாற்றினால் போதும் என்று சபை சொன்னபோது, புதிய தலைவன் ரொகாத்துஸ் பல்லை இளித்துக்கொண்டு சம்மதித்தான். ஆனால் தொனாத்துஸின் விதவை லேசுப்பட்டவளா? இன்று நடுப்பகலுக்குள் புதுத் தலை உட்காராவிட்டால் சிலை தன் புருஷனுக்கே என்று சபையில் வாக்கு வாங்கிவிட்டாள்.

சிலையைச் சுற்றிக் கட்டிய திரைக்கு வெளியே சந்தைத்திடலில் ஊரே கூடியிருந்தது. ரொகாத்துஸ் பங்கிட்ட தேன் அப்பமும் திராட்சை மதுவும் வியர்வையுமாக வந்த வாசனைக்கு அடியில் இன்னொன்றும் வந்தது, ஒலிவத் தோப்பின் ஈர மண் வாடை. அந்த மண்ணில்தான் தொனாத்துஸை மண்டியிட வைத்துக் கிளை கழிக்கும் அரிவாளால் மூன்று முறை வெட்டினான் பாவி ரொகாத்துஸ். முதல் வெட்டில் அவன் சாகவில்லை. இரண்டாவதற்குப் பிறகும் கெஞ்சினான். தலை கிணற்றுக்குள் போயிற்று. பழி கொள்ளைக்காரர்கள் மேல் விழுந்தது.

"ஈயத்தக் காய்ச்சி ஊத்துடா."

ஈயம் குழியில் சீறியது. ரொகாத்துஸின் பிடரி பற்றி எரிந்தது. பல்லைக் கடித்தான்.

"ஐயோ எசமான், உங்க கழுத்துல ரத்தம்! நிறுத்திடட்டுமா?"

"உச்சி வந்தாச்சு!" வெளியே விதவையின் குரல்.

"நிறுத்தாதடா! தலைய வெச்சு அடிச்சு எறக்கு!"

முதல் அடி. எலும்பு நொறுங்கியது. அவனுடைய எலும்பு.

இரண்டாம் அடி. வாய் நிறைய ரத்தம்.

வேண்டாம் என்று சொல்லப் பார்த்தான். குரல் இல்லை.

மூன்றாம் அடி.

வலி நின்றது. திரை விழுந்தது. "வாழ்க! வாழ்க!" முகங்களெல்லாம் கீழே தெரிந்தன. ஏன் கீழே? தலையைத் திருப்ப முயன்றான். கழுத்து அசையவில்லை. இமை மூடவில்லை.

பீடத்தடியில் அவன் உடம்பு நின்றது. அதே வெள்ளை அங்கி, மார்புவரை சிவப்பு. தோள்மேல், கிணற்றுத் தண்ணீர் சொட்டச் சொட்ட, தொனாத்துஸின் தலை. ஊர் தொனாத்துஸ் பெயரைச் சொல்லிக் கத்தியது. விதவை முந்தானையால் அந்த முகத்தைத் துடைத்துவிட்டாள்.

முகம் மெல்ல மேலே நிமிர்ந்தது. நம்பாமோவிடம் கை நீட்டியது.

"உளியக் குடுப்பா. மூக்குலேருந்து ஆரம்பிக்கலாம்."