மெல்போர்ன் வரை போன மிளகாய்ப் புகை

யாகொடாவின் பெட்டி ஒரு டிபன் டப்பா அளவுதான் இருக்கும். பள்ளி அறிவியல் மன்றத்தில் அவளே செய்தது.

அதற்குள் ஒரு சின்ன விசிறி, ஒரு மெல்லிய ஒளிக்கதிர். விசிறி வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். காற்றில் தூசியோ புகையோ இருந்தால் ஒளி சிதறும். அது சிதறுவதை வைத்து, காற்று எவ்வளவு அழுக்கு என்று பெட்டி கணக்குப் போடும். பிறகு அந்தக் கணக்கை வீட்டு வைஃபை வழியாக இணையத்துக்கு அனுப்பிவிடும்.

இணையத்தில் ஓர் உலக வரைபடம் உண்டு. அதில் அவள் ஊரான பிட்டோலா நகரத்தின் ஓரம், ஆற்றங்கரைத் தெருவில், ஒரே ஒரு புள்ளி. காற்று சுத்தமாக இருந்தால் அது பச்சை. கொஞ்சம் கெட்டால் மஞ்சள். இன்னும் கெட்டால் சிவப்பு. படுமோசம் என்றால் ஊதா.

"அந்தப் புள்ளி நான்தான்!" என்று யாகொடா பார்ப்பவர்களிடம் எல்லாம் சொன்னாள். ரொட்டிக் கடையில் சொன்னாள். தபால்காரரிடம் சொன்னாள். பல் மருத்துவரிடம், வாயைத் திறந்தபடியே சொன்னாள். அவருக்குப் புரியவில்லை. வாயை மூடியதும் மறுபடி சொன்னாள்.

புள்ளியைப் பார்த்து அதிகம் மகிழ்ந்தவர் லென்கா அத்தை. அப்பாவின் அக்கா. ஆஸ்திரேலியாவில், மெல்போர்னில் இருக்கிறார். இங்கே மதியச் சாப்பாடு முடியும்போது அங்கே தூங்கும் நேரம். அத்தை தினமும் படுக்கும் முன் வரைபடத்தைத் திறப்பார். பிறகு யாகொடாவுக்கு ஒரு செய்தி வரும்.

"பச்சை. எல்லாரும் நல்லா இருக்கீங்க. நான் தூங்கப் போறேன்."

செப்டம்பர் வந்தது. சந்தையில் சிவப்புக் குடைமிளகாய் மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. குளிர்காலம் முழுவதும் ரொட்டியில் தடவிச் சாப்பிட வீட்டுக்கு வீடு அய்வார் கிண்ட வேண்டுமே! மிளகாயைச் சுட்டு, தோலை உரித்து, அரைத்து, எண்ணெய் விட்டு, கை வலிக்கக் கிண்டி, பாட்டிலில் அடைக்க வேண்டும்.

சனிக்கிழமை யாகொடாவின் குடியிருப்பே முற்றத்தில் இறங்கிவிட்டது. கட்டடத்தின் இரண்டு பக்கச் சுவர்களும் சேரும் மூலையில் தகர அடுப்புகள் வரிசையாக எரிந்தன. ரேடியோ அலறியது. எல்லார் கையிலும் மிளகாய்ச் சாறு. அதனால் கைபேசிகளை எல்லாரும் வீட்டிலேயே விட்டு வந்திருந்தார்கள்.

நடுவில் ட்ராய்கோ மாமா இடுக்கியோடு நின்றார். அவர்தான் குடியிருப்போர் சங்கத் தலைவர். தெருவிலேயே அவர் வீட்டு அய்வாருக்குத்தான் பெயர்.

"யாகொடா, அந்தப் பக்கம் திருப்பு! கருகினா போதும். கரியாகக் கூடாது."

அப்போதுதான் சைரன் கேட்டது. தெருமுனையில் திரும்பி, முற்றத்துக்குள்ளேயே வந்து நின்றது ஒரு தீயணைப்பு வண்டி. கனமான உடுப்புப் போட்ட ஒருவர் குதித்து இறங்கினார்.

"எங்க தீ?"

"இங்கதான்" என்று ட்ராய்கோ மாமா அடுப்பைக் காட்டினார்.

"யாருக்காவது காயமா?"

"மிளகாய்க்கு மட்டும்தான்."

வந்தவர் தலைக்கவசத்தைக் கழற்றினார். "பான்டே! நீயா?" என்றார் யாகொடாவின் அப்பா.

"நானேதான். உங்க அக்கா லென்கா ஆஸ்திரேலியாவுல இருந்து போன் பண்ணினா. 'வீடு பத்தி எரியுது, யாரும் போன் எடுக்கல, ஓடு!'ன்னா. அவளும் நானும் ஒரே வகுப்பு. அப்பவே அவ ஓடுன்னா நான் ஓடுவேன்."

"ஆஸ்திரேலியாவுல இருக்கறவளுக்கு இங்க புகையறது எப்படித் தெரியும்?" என்றார் ட்ராய்கோ மாமா.

ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். மூன்றாம் மாடி பால்கனியில் யாகொடாவின் பெட்டிக்குள் விசிறி அமைதியாகச் சுழன்றுகொண்டிருந்தது. உலக வரைபடத்தில் ஆற்றங்கரைத் தெரு கத்தரிக்காய் போல ஊதாவாக இருந்தது.

தீயணைப்புக்காரர்கள் ரொட்டியும் வெள்ளைப் பாலாடைக்கட்டியும் சுட்ட மிளகாயும் சாப்பிட்டுவிட்டுச் சந்தோஷமாகக் கிளம்பினார்கள். ஆனால் செய்தி அவர்களுக்கு முன்னால் போய்விட்டது.

"என்ன ட்ராய்கோ, ரொட்டி வாங்கத் தனியாவா வந்த? தீயணைப்பு வண்டி எங்க?" என்று கேட்டார் ரொட்டிக் கடைக்காரர். கடையே சிரித்தது.

அன்று மாலை மாடிப்படியில் கூட்டம் போட்டார் ட்ராய்கோ மாமா. அவர் முகம் மிளகாயைவிடச் சிவப்பாக இருந்தது.

"அந்தப் பெட்டியக் கழட்டணும்."

"மாமா, பெட்டி பொய் சொல்லல. நிஜமாவே புகை இருந்துச்சு" என்றாள் யாகொடா.

"மிளகாய் சுட்டா புகை வராம பன்னீரா வரும்? எங்க மிளகாய், எங்க புகை. அதை ஏன் ஆஸ்திரேலியாவுக்குச் சொல்லணும்?"

"குழந்தை ஆசையாச் செஞ்சது..." என்று அப்பா இழுத்தார்.

ட்ராய்கோ மாமா கொஞ்சம் யோசித்தார். "சரி. அடுத்த சனிக்கிழமை மிச்ச மூட்டையச் சுடறோம். அன்னிக்கும் அந்தப் புள்ளி ஊதாவாச்சுன்னா பெட்டி இறங்கணும். சரியா, விஞ்ஞானி அம்மா?"

எல்லாரும் கையைத் தூக்கினார்கள். அப்பாவின் கையும் பாதி உயர்ந்து, யாகொடாவைப் பார்த்ததும் தலையைச் சொறிந்தது.

லென்கா அத்தையிடமிருந்து செய்தி வந்தது. "தப்பு என்னோடது. அவசரப்பட்டுட்டேன். ஆனா பெட்டிய எடுத்துடாதடா செல்லம். நான் அப்புறம் எதைப் பார்த்துட்டுத் தூங்கறது?"

யாகொடா அதை மூன்று தடவை படித்தாள்.

கீழ்வீட்டு ஓக்னென் அவள் வகுப்புதான். அவனிடம் எதற்கும் உடனே ஒரு யோசனை இருக்கும்.

"ரொம்ப சுலபம். சனிக்கிழமை காலையில பெட்டி மேல ஒரு பிளாஸ்டிக் பைய மாட்டிக் கட்டிடு. நாள் பூரா பச்சை!"

"அப்போ அது என் புள்ளி இல்ல. பிளாஸ்டிக் பையோட புள்ளி" என்றாள் யாகொடா.

"யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்கு. அத்தை அதைப் பார்த்து நாங்க நல்லா இருக்கோம்னு நெனச்சுத் தூங்குவாங்கல்ல?"

ஓக்னென் தோளைக் குலுக்கினான்.

யாகொடா பால்கனியிலிருந்து குனிந்து பார்த்தாள். மூலைச் சுவரில் ஒரு கறுப்புக் கோடு. அடுப்பு வைத்த இடத்தில் தொடங்கி, முதல் மாடி ஜன்னலைத் தொட்டு, நேராக அவள் பால்கனிக்கே வந்தது. கரி.

"ஓக்னென், புகை ஏன் பக்கத்துல போகல? ஏன் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு ஏறுது?"

"அதுகிட்டயே கேளு."

"கேக்கலாம்" என்றாள் யாகொடா. "ஆனா புகை வேணாம். உன் தங்கச்சிகிட்ட சோப்புக் குமிழி ஊதற பாட்டில் இருக்குல்ல?"

திங்கட்கிழமை பள்ளி விட்டதும் இருவரும் மூலையில் நின்று ஊதினார்கள். குமிழிகள் சுவரில் மோதின, திரும்பின, வேறு வழியில்லாமல் ஒன்றன் பின் ஒன்றாக மேலே ஏறின.

"நல்லா இருக்கு!" பின்னாலிருந்து குரல் வந்தது. ட்ராய்கோ மாமா. "ஊரே என்னைப் பார்த்துச் சிரிக்குது. நீங்க குமிழி விடறீங்களா?"

"காத்து எங்க போகுதுன்னு பாக்கறோம் மாமா. அடுப்ப ஏன் இந்த மூலையில வைக்கறீங்க?"

"மிளகாய்க்குக் காத்து ஆகாது. நெருப்பு ஆடினா ஒரு பக்கம் வேகும், ஒரு பக்கம் பச்சையா நிக்கும். இந்த மூலையிலதான் காத்தே கிடையாது."

"இருக்கு மாமா. மேல போகுது."

யாகொடா ஊதினாள். சின்னச் சின்னக் குமிழிகள் பாதியிலேயே உடைந்தன. ட்ராய்கோ மாமாவால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"இப்படியா ஊதறது? மெதுவா ஊதணும். கொண்டா இங்க."

அவர் கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதினார். தர்பூசணி அளவில் ஒரு குமிழி பிறந்தது. அது ஆடி அசைந்து சுவரோரமாக ஏறி, முதல் மாடியில் திறந்திருந்த ஒரு சமையலறை ஜன்னலுக்குள் நுழைந்தது. அது அவர் வீட்டு ஜன்னல்.

"யாரது என் சூப்புல சோப்பு போடறது?"

சவேத்தா மாமியின் தலை வெளியே வந்தது. கையில் கரண்டி.

"நான்தான்" என்றார் ட்ராய்கோ மாமா, பாட்டிலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு.

"அங்க ஊதினா இங்க எப்படி வரும்?"

"இங்க புகைஞ்சாலும் அங்கதான் வரும் மாமி" என்றாள் யாகொடா.

சவேத்தா மாமி கரண்டியைக் கீழே வைத்தார். "கேட்டீங்களா? செப்டம்பர் பூரா நான் இருமறேன். நீங்க என்ன சொன்னீங்க? 'சவேத்தா, ஐஸ்கிரீமைக் குறை'ன்னீங்க! குறைச்சேனா இல்லையா?"

ட்ராய்கோ மாமா பாட்டிலை முதுகுக்குப் பின்னாலிருந்து எடுத்தார். இன்னொரு குமிழி ஊதினார். அதுவும் நேராகச் சமையலறைக்கே போனது. கறுப்புக் கோட்டைக் கீழிருந்து மேல்வரை பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சரி, விஞ்ஞானி. வேற எங்க வைக்கச் சொல்ற?"

இந்தத் தடவை அவர் 'அம்மா'வைச் சேர்க்கவில்லை.

முற்றத்தைச் சுற்றி எல்லா இடத்திலும் ஊதினார்கள். மரத்தடியில் குமிழிகள் சுற்றிச் சுற்றி வந்தன. வாசலருகே ஊதியவை மாடிப்படிக்குள் போயின. கடைசியாக, ஆற்றுப் பக்கம் கார் ஷெட்டுகளுக்குப் பின்னால் போனார்கள். அங்கே குமிழிகள் கொஞ்ச நேரம் அப்படியே நின்றன. ஷெட் சுவரின் உயரத்தைத் தாண்டியதும் யாரோ கையைப் பிடித்து அழைத்துப் போவது போல ஆற்றைத் தாண்டி, ஆளில்லாத வயல் பக்கம் போயின.

ட்ராய்கோ மாமா தரையோரம் குனிந்து ஒரு தீக்குச்சி கிழித்தார். சுடர் ஆடவில்லை. விரல் சுடும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பாக்கலாம்" என்றார்.

சனிக்கிழமை வந்தது. அடுப்புகளைக் கார் ஷெட்டுகளுக்குப் பின்னால் இழுத்துப் போனார்கள். "இவ்வளவு தூரமா?" என்று சிலர் முணுமுணுத்தார்கள். பான்டே கூட வந்திருந்தார். இன்று வண்டி இல்லை, உடுப்பு இல்லை. அக்குளில் ஒரு ரொட்டி மட்டும்.

"எதுக்கும் இருக்கட்டும்னு வந்தேன்" என்றார்.

மிளகாய் தகரத்தில் விழுந்தது. புகை எழுந்தது. யாகொடா கைபேசியையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஓக்னென் கால்பந்து வர்ணனையாளர் போலக் கத்தினான்.

"பச்சை... இன்னும் பச்சை... மாமா ஒரு மூட்டையக் கவுக்கறார்... பச்சையேதான்!"

புகை சுவரைத் தாண்டியது. ஆற்றின் மேல் நீளமாகச் சாய்ந்து போனது. மூட்டைகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. சவேத்தா மாமி சமையலறை ஜன்னலை அகலத் திறந்து வைத்து, துவைத்த வெள்ளை விரிப்பைக் கொடியில் போட்டார்.

"இடம் யார் பார்த்தது தெரியுமா?" ட்ராய்கோ மாமா பான்டேயிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "நான் ஒரு குமிழி விட்டேன் பாரு, இவ்வளவு பெருசு..."

"விடச் சொன்னது யாரு?" என்று ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

"யாகொடா" என்றார் மாமா உடனே. பிறகு கொஞ்சம் சத்தமாக, எல்லாருக்கும் கேட்கும்படி, "நம்ம யாகொடாதான்" என்றார். "பெட்டி அங்கேயே இருக்கட்டும். யாரும் தொடக் கூடாது."

யாகொடாவுக்குக் காது வரை சூடானது.

அப்போது கைபேசி அடித்தது. திரையில் லென்கா அத்தை, இரவு உடையில்.

"யாகொடா, என்னம்மா ஆச்சு? புள்ளி பச்சையாவே இருக்கு! இன்னிக்கு மிளகாய் சுடலையா? யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"தீயணைப்பு நிலையத்துக்குப் போன் பண்ணாத லென்கா, நான் இங்கதான் இருக்கேன்!" என்று பான்டே கத்தினார்.

யாகொடா கைபேசியைத் திருப்பிக் காட்டினாள். அடுப்புகள், மலைபோல் சுட்ட மிளகாய், கை சிவந்த மனிதர்கள், கையசைக்கும் அப்பா. அத்தை சிரித்தார். பிறகு அவர் குரல் இறங்கியது.

"நல்லது. ஆனா போன வாரம் அந்த ஊதாவப் பார்த்து பயந்தேனா, அப்புறம் மிளகாய்னு தெரிஞ்சதும்... எனக்கே அந்த வாசனை வந்த மாதிரி இருந்துச்சு. எத்தனை வருஷமாச்சு!"

ட்ராய்கோ மாமா அடுப்புக் கரண்டியில் ஒரு தணலை எடுத்தார். அதன்மேல் நல்ல சிவப்பாக ஒரே ஒரு மிளகாயை வைத்தார்.

"நட" என்றார் யாகொடாவிடம்.

மூச்சு வாங்க மூன்று மாடி ஏறினார்கள். மாமா கரண்டியைப் பெட்டிக்குக் கீழே பிடித்தார். மெல்லிய புகை சுருண்டு எழுந்தது.

"இது மட்டும் ஏமாத்து இல்லையா?" என்று ஓக்னென் காதைக் கடித்தான்.

யாகொடா யோசித்தாள். "இல்ல. இங்க நிஜமாவே மிளகாய்ப் புகை இருக்கே."

காத்திருந்தார்கள். விசிறி சுழன்றது. உலக வரைபடத்தில், ஆற்றங்கரைத் தெருவில், பச்சைப் புள்ளி மெல்ல மஞ்சளானது.

மெல்போர்னில் லென்கா அத்தை கண்ணை மூடி மூச்சை இழுத்தார்.

"வருது" என்றார். "வருதுடா செல்லம்."

ட்ராய்கோ மாமா கைபேசிக்குள் எட்டிப் பார்த்தார். முகத்தில் கரி, வாயெல்லாம் பல்.

"லென்கா, பாத்தியா? அந்தப் புள்ளி நாங்கதான்!"

யாகொடா அவரைத் திருத்தவில்லை.